பிள்ளையைப் பார்த்துப் பழகும் கவனமும் நன்றியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னப் பிள்ளை தன் போக்கில் இருப்பதைப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பார்த்து, பார்த்ததை எழுதி, அதிலிருந்து கவனமும் நன்றியும் பழகும் முறை இது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளை மனதில் வைத்து எழுதியது. பிள்ளையைத் திருத்த இதில் ஒரு வரியும் கிடையாது. திருந்த வேண்டியது பார்க்கிற பெரியவர்தான்.

குழந்தைகளுக்கு இயல்பிலேயே நன்றியுணர்வு உண்டு என்கிறார்களே, நிஜமா?

பாதிகூட நிஜமில்லை. இரண்டு வயதுப் பிள்ளையிடம் மாம்பழத் துண்டை நீட்டினால் அது பழத்தைப் பார்க்கும், நீட்டிய கையைப் பார்க்காது. நன்றி தோன்ற மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்று கிடைத்தது, அதை ஒருவர் கொடுத்தார், அவர் கொடுக்காமலும் இருந்திருக்கலாம். இந்த மூன்றாவது புரிய, அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று யோசிக்கத் தெரிய வேண்டும். அது நாலு வயது வாக்கில்தான் கொஞ்சம் நிலைப்படுகிறது. நன்றி முழுசாக விளங்குவது பள்ளிக்கூட வயதில்.

கொடுக்கும் சந்தோஷம் மட்டும் முன்னாலேயே வந்துவிடுகிறது. கனடாவில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்து நடத்தி 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தின்பண்டத்தை வாங்கும்போது இருந்ததைவிட, தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது பிள்ளைகளின் முகம் அதிகம் மலர்ந்தது. பாதி சப்பிய பிஸ்கட்டை அப்பா வாயில் திணிக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவைப்படாது.

பிள்ளையிடம் குறைவில்லாமல் இருப்பது கவனம். நம்மிடம் இருப்பது நினைவு: முன்னால் என்ன இல்லாமல் இருந்தது, யார் கையால் இது வந்தது என்ற நினைவு. இரண்டும் சேர்ந்தால்தான் நன்றி. ஆகவே பிள்ளையிடமிருந்து கவனத்தைக் கடன் வாங்குவது முதல் வேலை, நம் நினைவை அதில் சேர்ப்பது அடுத்த வேலை. பலரும் முதல் வேலையைச் செய்யாமலேயே இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறார்கள். அதனால்தான் அவர்களுடைய ‘நன்றிப் பட்டியல்’ நாலே நாளில் மளிகைச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது.

மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் கண்ணை மூடி அமைதியாக உட்காருவதுதானே? ஒரு நிமிஷம் நிற்காத பிள்ளையிடம் அதை எப்படிக் கற்பது?

அமைதி வேறு, முழுக்கவனம் வேறு. இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாமல், இருக்கிறபடி கவனிப்பதுதான் முழுக்கவனம். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-ஜின் தீராத வலி உள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வார முழுக்கவனப் பயிற்சியில், முதல் பாடமே ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைப் பல நிமிடம் பார்த்து, முகர்ந்து, மென்று தின்பதுதான்.

பிள்ளையின் கவனம் நம்முடையதைப் போல் இருக்காது. அலிசன் கோப்னிக் என்ற உளவியலாளர் இதற்கு ஓர் உவமை சொல்கிறார். பெரியவர் கவனம் டார்ச் லைட், ஒரே இடத்தில் விழும். குழந்தையின் கவனம் லாந்தர் விளக்கு, சுற்றிலும் ஒரே மாதிரி வெளிச்சம். அதனால்தான் சட்டை போட்டுவிடும்போது அது பல்லியையும் பார்க்கிறது, பொத்தானையும் பார்க்கிறது, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தையும் கேட்கிறது. நமக்கு அது ‘கவனச் சிதறல்’. நாம் பார்க்காமல் விட்டதையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு இல்லையா?

ஆய்வுகள் வெளிநாட்டவை. விஷயம் தருமபுரிக்குப் பழசு. இந்த ஊர் தகடூராக இருந்த காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவையார் பாடியது புறநானூற்றில் 92ஆம் பாட்டு. பிள்ளையின் மழலை யாழோடு ஒத்துப்போகாது, தாளம் காலம் எதற்கும் அடங்காது, பொருளும் விளங்காது, இருந்தும் தகப்பனுக்கு அதைக் கேட்டால் அருள் சுரக்கிறது, என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறார். மழலையின் அருமை கேட்கிறவர் காதில் இருக்கிறது என்பதே அதன் உட்பொருள்.

அதற்கு முந்தைய 91ஆம் பாட்டு, எல்லோருக்கும் தெரிந்த நெல்லிக்கனிக் கதை. அதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கனியின் பெருமையைச் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு அதியமான் கொடுக்கிறான். தின்ற பிறகுதான் ஔவைக்குத் தெரிகிறது, அதன் பிறகுதான் வாழ்த்து வருகிறது. நன்றி எப்போதும் இப்படிப் பின்னால் தெரிந்துகொண்டு வருவதுதான்.

எந்த வயதுப் பிள்ளையைப் பார்ப்பது நல்லது?

எந்த வயதானாலும் சரி, பார்க்க வேண்டியதுதான் மாறும். ஆறு மாதம் வரை முகத்தையும் கைகளையும் பாருங்கள். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கும் சிறு துணுக்கையும் எடுக்கத் தொடங்கும். ஒரு வயதையொட்டி விரல் நீட்டிக் காட்டும், காட்டிவிட்டு நீங்கள் பார்க்கிறீர்களா என்று திரும்பிப் பார்க்கும். இந்தத் திரும்பிப் பார்த்தல் பெரிய விஷயம். எதையும் கேட்காமல், ‘இதைப் பார்’ என்று மட்டும் ஒரு மனிதர் நம்மிடம் சொல்வது வாழ்க்கையில் அதிகம் நடப்பதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒன்றரை முதல் மூன்று வயது வரை வசதி. கை ஓயாமல் ஏதாவது செய்துகொண்டிருக்கும், நம்மை விளையாட்டுக்கு இழுப்பது குறைவு. நாலு வயதுக்கு மேல் ‘ஏன் என்னையே பாக்கற?’ என்று கேட்டுவிடும்.

சரி, உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும்?

முறை எங்கள் கண்டுபிடிப்பில்லை. லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் எஸ்தர் பிக் என்ற மனப்பகுப்பாய்வாளர் 1948இல், குழந்தைகளுக்கு மனநல சிகிச்சை தரப் பயில்கிறவர்களுக்காக வகுத்தது. பயிற்சி பெறுகிறவர் ஒரு குழந்தையின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போக வேண்டும். எதையும் சொல்லித்தரக் கூடாது, அங்கேயே குறிப்பும் எடுக்கக் கூடாது. வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுத வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது ஆகாது. பத்து நிமிடமாகச் சுருக்கி, வாரம் மூன்று நாள் செய்தால் போதும்.

பிள்ளை தின்று, தூங்கி எழுந்த நேரமாகப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு மேல், இல்லையென்றால் சாயந்திரம் நாலரை வாக்கில். பசியோ தூக்கமோ இருக்கும்போது உட்கார்ந்தால் பார்க்கக் கிடைப்பது பசியும் தூக்கமும்தான். போனை வேறு அறையில் வையுங்கள். நேரம் தெரிய சுவர்க் கடிகாரம் போதும் (குக்கர் விசிலை நம்ப வேண்டாம், மூன்றாவது விசிலில் மனசு அடுப்புக்குப் போய்விடும்).

தரையில் உட்காருங்கள். பிள்ளைக்கு நேர் எதிரே வேண்டாம், பக்கவாட்டில் ஐந்தாறு அடி தள்ளி. பார்வை முகத்தில் இருக்க வேண்டாம், கைகளில் இருக்கட்டும். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவும். முகத்தைப் பார்த்தால் சிரிப்போம், அது சிரிக்கும், கொஞ்சல் தொடங்கும், பார்ப்பது நின்றுபோகும். கை அப்படி நம்மை இழுக்காது.

பேசாதீர்கள், கூப்பிடாதீர்கள், ‘இது என்ன கலர்?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளை உங்களைப் பார்த்தால் சிரித்துவிட்டு மறுபடி கைக்குத் திரும்புங்கள். எதையாவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி, நிஜமாகவே ஒருமுறை பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுங்கள். இடையில் மனம் ஓடும். கரண்ட் பில், தக்காளி விலை, கடன் தவணை, எது வேண்டுமானாலும் வரும். ஓடியது தெரிந்த நொடியில் ‘இப்போ வலது கை எங்கே?’ என்று கேட்டுக்கொண்டு திரும்பினால் சரி. பத்து நிமிடத்தில் இருபது தடவை திரும்பினாலும் அது தோல்வியில்லை, அந்தத் திரும்புதல்தான் பயிற்சியே.

முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு வரி எழுதுங்கள். ராத்திரிக்குத் தள்ளினால் பாதி மறந்திருக்கும், மறந்த இடத்தைக் கற்பனை நிரப்பியிருக்கும்.

எழுதும்போது எங்கே தவறு வருகிறது?

பெரும்பாலும் முதல் மாதம் குறிப்பு இப்படித்தான் இருக்கும்: ‘பாப்பா களியில் விளையாடினாள். ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். பார்க்கவே அழகு.’ இதில் பார்த்தது ஒன்றுமில்லை. மூன்று வாக்கியமும் நம்முடைய தீர்ப்பு.

அதே பத்து நிமிடத்தை இப்படி எழுதலாம்:

‘தட்டில் எலுமிச்சை அளவு ராகிக் களி, ஆறியது. வலது ஆள்காட்டி விரலை மேலே வைத்தாள், அழுத்தவில்லை. பிறகு அழுத்தினாள். விரல் முதல் கணு வரை உள்ளே போனது. எடுத்தாள், குழி அப்படியே நின்றது. விரலைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். பக்கத்தில் இன்னொரு குழி. மூன்றாவது குழி முதல் குழியோடு ஒட்டிவிட்டது, அங்கே கை நின்றது. ஆயா (பாட்டி) கீரைக் குழம்பை ஒரு சொட்டு விட்டதும் அது குழிக்குள் இறங்கியது. குனிந்து, மூக்கு களியில் படும் அளவுக்கு வந்து பார்த்தாள். குழம்பு விரலை நக்கினாள், களி விரலை நக்கவில்லை.’

சந்தோஷமா இல்லையா என்று இதில் எங்கேயும் இல்லை. ஆனால் படிப்பவருக்குப் பிள்ளை கண்முன் நிற்கிறது. ‘அழகு’, ‘சேட்டை’, ‘பிடிவாதம்’, ‘புத்திசாலி’ என்ற நாலு சொல்லையும் நோட்டிலிருந்து ஒதுக்கிவைத்தால், கண் தானாக வேலை செய்யத் தொடங்கும்.

இதில் நன்றி எங்கே வருகிறது?

வாரக் கடைசியில் வருகிறது. மூன்று குறிப்பையும் எடுத்து, அதிலிருந்து ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு கேள்வி: இது இங்கே வர யார் யார் கை பட்டது? இது இல்லாத காலம் எப்படி இருந்தது?

களியையே எடுத்தால், மானாவாரி நிலத்தில் ஆடிப் பட்டத்தில் விதைத்தவர், மழை பார்த்துக் களை எடுத்தவர், கதிர் அறுத்து அடித்துத் தூற்றியவர், மில்லில் மாவு அரைத்தவர், கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல், தோள் வலிக்கக் கிண்டிய ஆயா. கடைசி ஆளின் தோள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அன்று ராத்திரி ஒருவர் துடுப்பை வாங்கிக் கிண்டினால், அதுதான் அந்த வார நன்றி.

தண்ணீரை எடுத்தால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் ஆழமாகப் போகும். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் குழாய்த் தண்ணீர் என்பது கையில் பட்டுச் சிதறும் ஒரு பொருள், அவ்வளவுதான். நமக்குத் தெரியும், இந்த இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் காவிக்கறை படிந்திருக்கும், சிலருக்கு மூட்டும் எலும்பும்கூடப் பாதிக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது அதற்காகத்தான். பிள்ளை தண்ணீரைத் தட்டிச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, அதன் தாத்தாவின் பல்லையும் பாருங்கள். வேறு உபதேசம் வேண்டாம்.

தினமும் எழுதினால் அதிகப் பலன் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் உளவியலாளர் சோன்யா லூபொமிர்ஸ்கி குழுவினர் ஆறு வாரம் சோதித்தபோது, வாரம் ஒருமுறை நன்றியை எண்ணியவர்களுக்கே மனநிறைவு கூடியது, வாரம் மூன்றுமுறை எண்ணியவர்களுக்குக் கூடவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான், அடிக்கடி செய்தால் சடங்காகிவிடும். பார்ப்பது வாரம் மூன்றுமுறை, நன்றி வாரம் ஒருமுறை என்று பிரித்திருப்பது இதனால்தான்.

பிள்ளை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. பார்க்கிற எனக்கு அலுப்பு தட்டுகிறது.

அலுப்புத் தட்டும் இடம்தான் நல்ல இடம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே மூன்று வயது வாக்கில் ஒரு சிறுமி, மர உருளைகளைக் குழிகளில் பொருத்தி எடுப்பதை நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். மற்ற பிள்ளைகளைப் பாடவைத்தார்கள், அவள் உட்கார்ந்த நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார்கள், அவள் நிறுத்தவில்லை. அந்த ஒரு காட்சியிலிருந்து அவருடைய முறை நிறைய வளர்ந்தது. இதே மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலில் இருந்தும் பயிற்சி கொடுத்தார்.

செய்து பார்க்க ஒரு வழி: ஒவ்வொரு தடவைக்கும் முந்தைய தடவைக்கும் ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள். டம்ளரிலிருந்து டம்ளருக்குப் புளியங்கொட்டை மாற்றும் மூன்று வயதுப் பிள்ளை, ஏழாவது தடவையில் டம்ளரைச் சாய்க்கும் கோணத்தை மாற்றியிருக்கும். நமக்கு ‘அதேதான்’, அதற்கு அது ஏழாவது சோதனை. (புளியங்கொட்டை எச்சரிக்கை கீழே இருக்கிறது, அதைப் படிக்காமல் கையில் கொடுக்காதீர்கள்.)

‘தேங்க்ஸ் சொல்லு’ என்று பழக்கலாமா?

பழக்கலாம், அது மரியாதைப் பழக்கம். அதை நன்றியுணர்வு என்று எண்ணி ஏமாற வேண்டாம். 1980இல் அமெரிக்காவில் இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துப் பார்த்தபோது, தானாக நன்றி சொன்னவர்கள் வெகு சிலரே. பெற்றோர் தூண்டிய பிறகுதான் பலர் சொன்னார்கள்.

சொல்லாவிட்டால் சாக்லேட் கிடையாது, சொன்னால் இன்னொன்று என்ற பேரம் கெடுதல். பதினெட்டு மாதப் பிள்ளைகள் யாரும் கேட்காமலே, கீழே விழுந்ததை எடுத்துக் கொடுத்து உதவுவதை வார்னெகன், டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்களே இன்னொன்றையும் காட்டினார்கள்: உதவியதற்குப் பொம்மை கொடுத்துப் பழக்கிய இருபது மாதப் பிள்ளைகள், பொம்மை நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள்.

நம் வீடுகளில் அம்மாவுக்கு ‘நன்றி’ சொன்னால் ‘என்னடா புதுசா?’ என்பார்கள். நம் ஊர் நன்றி வேறு சொல்லில் வரும், ‘நல்லா இருப்பா சாமி’ என்று வரும், பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணம் வெறுங்கிண்ணமாகத் திரும்பாததில் வரும். பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமானால் அந்தக் கிண்ணத்தை அதன் கையில் கொடுத்து அனுப்புங்கள். நாலு கொய்யா போட்டு, ‘அக்கா வீட்டுக்குக் குடுத்துட்டு வா’ என்றால் போதும்.

வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். பிள்ளையைப் புழு வளர்ப்பு மனைக்குள் கூட்டிப்போய்க் காட்டலாமா?

மனைக்குள் வேண்டாம். கையிலும் காலிலும் ஒட்டி வரும் கிருமியால் பால்புழு நோய் மாதிரியானவை பரவும், ஒரு ஈடு (ஒரே தடவையில் வளர்க்கும் புழுக்கள்) முழுதும் போகலாம். கால் நனைத்து, கை கழுவி வர வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டு வயதுக்குப் புரியாது. ஐந்தாம் பருவப் புழு (கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிக் கட்டம்) பத்துப் பன்னிரண்டை ஒரு தட்டில் மல்பெரி இலையோடு வெளியே எடுத்துவாருங்கள். எடுத்ததை மறுபடி உள்ளே விடக் கூடாது. தட்டுக்குப் பக்கத்தில் கொசுவர்த்தி, பூச்சிமருந்து வாடை, பீடிப் புகை எதுவும் கூடாது.

பார்க்க இதைவிட நல்ல பொருள் இந்த மாவட்டத்தில் கிடைப்பது கஷ்டம். புழு தன் ஆயுளில் தின்னும் இலையில் ஐந்தில் நாலு பங்கை இந்தக் கடைசி ஏழெட்டு நாளில்தான் தின்கிறது. அடுக்கு அடுக்காகப் புழு இருக்கும் மனையின் கதவோரம் நின்றால் தூறல் விழுகிற சத்தம் கேட்கும். பிள்ளை அதைத்தான் முதலில் பிடிக்கும், இலையை அப்புறம்தான் பார்க்கும். ஐந்தாம் பருவத்துக்கு முன்னால் நாலு தடவை புழு தோல் உரிக்கிறது. அப்போது ஏறக்குறைய ஒரு நாள் தலையைத் தூக்கி, தின்னாமல் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் தொடவும் கூடாது, இலை போடவும் கூடாது. ‘புழு தூங்குது’ என்றால் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். பெரியவர்கள்தான் குச்சியால் தட்டிப் பார்ப்பார்கள்.

ஓசூரில் ஷிஃப்ட் வேலை. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பிள்ளை தூங்கியிருக்கிறது.

தூங்கும் பிள்ளையையும் பார்க்கலாம். ஐந்து நிமிடம், வயிறு ஏறி இறங்குவதை மட்டும். சுவாசத்தைக் கவனிக்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல துணை கிடையாது, நம் மூச்சும் கொஞ்ச நேரத்தில் நிதானத்துக்கு வரும். சட்டை மாற்றி, கை கால் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள். கம்பெனி நினைப்பு உடம்பில் ஒட்டியிருக்கும்போது உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

பெங்களூரில் வேலை பார்த்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர்கள் செய்யும் தவறு வேறு. வந்ததும் தூக்கிக் கொஞ்சுகிறார்கள், பிள்ளை ஆயா முந்தானைக்குள் ஒளிகிறது, மனசு உடைகிறது. எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை வேற்று முகத்துக்குப் பயப்படுவது சரியான வளர்ச்சி. முதல் அரைமணி நேரம் தூக்காமல் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து கைகளை மட்டும் பாருங்கள். மேலே சொன்ன முறைதான். பெரும்பாலும் பிள்ளையே ஏதாவது ஒரு மூடியையோ செருப்பையோ கொண்டுவந்து கொடுக்கும்.

வீடியோ எடுத்து வைத்துப் பிறகு பார்த்தால் ஆகாதா?

ஆகாது. எடுக்கும்போது கவனம் திரையின் ஓரத்தில் இருக்கும், பிள்ளை கையில் இருக்காது. போனைக் கண்டதும் பிள்ளையும் செய்வதை விட்டுவிட்டு போனுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி இரண்டு வயதுக்குள் திரை தேவையில்லை, இரண்டு முதல் நாலு வயதுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

அடம்பிடித்துத் தரையில் புரளும்போது எப்படிக் கவனிப்பது?

அப்போது பயிற்சி செய்ய வேண்டாம். தலை இடிக்காமல், கொதிக்கும் பாத்திரத்துப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு அருகில் இருந்தால் போதும். அடங்கிய பின் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அழுகைக்கு முந்திய ஐந்து நிமிடம் என்ன நடந்தது. பத்துக் குறிப்பு சேர்ந்தால், பாதிக்கு மேல் பிள்ளை கவனமாகச் செய்துகொண்டிருந்த ஏதோ ஒன்றை யாரோ சட்டென்று பறித்த இடமாக இருக்கும். அந்த யாரோ பெரும்பாலும் குறிப்பு எழுதுகிறவரே.

இப்படி உற்றுப் பார்த்தால் கண்ணுபடும் என்கிறார் மாமியார்.

வாதாட வேண்டாம். சாயந்திரம் அவர் மிளகாய் சுற்றிப்போடட்டும், மையும் வைக்கட்டும் (மை நெற்றியிலோ கன்னத்திலோ, கண்ணுக்குள் கூடாது). அவர் சொல்வதில் பயனுள்ள பகுதி ஒன்று உண்டு. முறைத்துப் பார்த்தால் பிள்ளைக்குக் கூச்சம் வரும். மடியில் முறத்தை வைத்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டே பாருங்கள். கை வேலையில், கண் ஓரப்பார்வையில். ஆயாக்கள் காலங்காலமாகப் பார்த்தது அப்படித்தான்.

உற்றுப் பார்க்கப் பார்க்க, பிள்ளையின் வளர்ச்சியில் சந்தேகம் வருகிறது.

சந்தேகத்துக்கு அளவுகோல் இருக்கிறது. ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’ மாதிரி இரண்டு சொல் சேர்க்காதது, எந்த வயதானாலும் வந்த பேச்சோ பழக்கமோ போய்விடுவது. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மேற்கொண்டு பார்க்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். அதனால் பேச்சு தாமதமாகாது. எண்ணும்போது மூன்று மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எல்லோரும் பூரிக்கிறார்கள். எனக்குப் பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை, அழுகைதான் வருகிறது.

பிரசவமாகி முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாத அழுகை நிறையப் பேருக்கு வரும், தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டாலோ, உயிரை வெறுத்தாலோ, அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். நன்றிக் குறிப்பு எழுதி அதைச் சரிசெய்ய முடியாது, எழுதச் சொல்வது குற்ற உணர்வைத்தான் கூட்டும். கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள், மருந்தும் பேச்சும் நன்றாகவே வேலை செய்யும். மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம், 104 சுகாதார உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால், வீட்டில் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பேசாமல் தள்ளி இருந்து பார்ப்பதில் ஆபத்து இல்லையா?

உண்டு, அதனால் முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். முழு வேர்க்கடலை, புளியங்கொட்டை, பட்டாணி எதுவும் மூன்று வயதுக்குள் கைக்கெட்டக் கூடாது, பொத்தான் பேட்டரி அதற்குப் பிறகும் கூடாது. முழுக்கடலையைத் தின்னக் கொடுப்பது ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். மூன்று வயதுக்கு மேல் புளியங்கொட்டை விளையாட்டு என்றால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வாளியில் நாலு விரல் தண்ணீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த பிள்ளைக்கு அது போதும். தொட்டி, கிணறு, பண்ணைக்குட்டை, ஒகேனக்கல் பாறை இங்கெல்லாம் ஐந்தடி தள்ளி உட்காரும் முறையே கூடாது, கை எட்டும் தூரம்தான். ஆபத்து என்றால் பயிற்சியை விட்டுவிட்டு ஓடுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இல்லாதவர்கள்?

சொந்தத்தில், தெருவில் இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டிலும் பார்க்கிலும் தெரியாத பிள்ளையை உற்றுப் பார்ப்பது யாருக்கும் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. தனியாகப் பழக ஒரு கடலை போதும். திராட்சைக்குப் பதில் ஓட்டோடு ஒரு வேர்க்கடலை. காதருகே ஆட்டினால் சத்தம், ஓட்டின் வரிகள், உடையும்போது வரும் தூசி, உள்தோலின் ரோஸ் நிறம், இரண்டாகப் பிளந்தால் நுனியில் உட்கார்ந்திருக்கும் சின்ன முளை. மூன்று நிமிடம் ஆகும். மீதிக் கடலையை வழக்கம்போல் கைநிறைய அள்ளித் தின்னலாம்.